நாளமில்லாச் சுரப்பியும் உங்கள் வீட்டுச் சூடும்

அன்புக்கும் மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மைத்துனருக்கு,

உங்கள் அக்காள் வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அதை எழுதிவிட்டால் மேற்கொண்டு எழுத ஒன்றுமிருக்காது என்பதால் எங்கள் நலத்தைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்கிறேன். அங்கே நீங்களும், எனக்குத் தங்கச்சி முறையாகும் உங்கள் மனைவியும், குழந்தைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று நான் விரும்புவது மட்டும் சம்பிரதாயத்துக்காக அல்ல, இந்தக் கடிதமே அதற்காகத்தான். வயதைப் பார்த்தால் உங்களை 'நீ' என்று எழுதலாம். பழகியதைப் பார்த்தால் 'நீங்கள்'தான் பாதுகாப்பு. தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும். கையில் உடையக்கூடிய பொருள் எதுவும் வேண்டாம்.

அடுத்த வாரம் உங்களுக்குக் குடலிறக்க ஆபரேஷன் வைத்திருக்கிறார்கள் என்று தங்கச்சி என்னிடம் போனில் கிசுகிசுத்தாள். அவளைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த மேசையில் நீங்கள் இப்போது ஏறக் கூடாது. அதற்கு முன்னால் ஒரு பரிசோதனை இருக்கிறது. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போன தடவை நீங்கள் வெளிறிப்போய், வியர்த்துக் கொட்டி நின்றபோது, "எதுக்கும் ஒரு தடவை பி.பி. பாத்துக்கங்களேன்" என்று சொன்ன ஒரே குற்றத்துக்காக, என் எண்ணைப் பார்த்ததுமே துண்டித்துவிடுகிறீர்கள். ஆகவேதான் கடிதம்.

உங்கள் வீட்டுச் சூட்டைப் பற்றி எனக்கு யாரும் சொல்லாமல் இல்லை. பெண் கேட்டு வந்த அன்றே உங்கள் அப்பா, "எங்க குடும்பத்துச் சூடு இவளுக்கும் உண்டு, பாத்து நடந்துக்கங்க" என்று, நிலபுலன் எழுதி வைப்பவர் மாதிரி பெருமையாகச் சொன்னார். நான் தண்ணீர் நிலையத்தில் பம்ப் ஓட்டியவன். அழுத்தம் ஏறுவதும் இறங்குவதும் என் அன்றாடப் பிழைப்பு. ஒரு பெண்ணின் கோபத்தைச் சமாளிக்க முடியாதா என்று நினைத்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது. நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று முகம் வெளுக்கும், நெற்றி வியர்க்கும், கை நடுங்கும். அதற்கடுத்து வரும் சொற்களைக் கேட்க நான் எப்போதும் அங்கே இருந்ததில்லை. தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். நாங்கள் குடியிருந்த வீடுகளில் எல்லாம் தண்ணீர்த் தொட்டி பளிச்சென்று இருந்ததற்கு இதுதான் காரணம்.

இப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தபோது, உங்கள் அக்காளுக்கு மேல்சட்டை அளவெடுத்த தையல்காரர், "கழுத்துல இந்தப் பக்கம் கொஞ்சம் புடைப்பா இருக்கும்மா" என்று சொல்லிவைத்தார். அவருக்கு அளவெடுக்கத் தெரியவில்லை என்று சொல்லி இவள் தையல்காரரை மாற்றினாள். இரண்டாவது தையல்காரரும் அதையே சொன்ன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசியால் குத்தி எடுத்துப் பார்த்துவிட்டு, தைராய்டில் புற்றுநோய், அதிலும் எல்லாருக்கும் வராத ஒரு வகை, பரம்பரையாக வருவதற்கும் வாய்ப்புண்டு என்றார்கள். நான் நாற்காலி என்று நினைத்துக் குப்பைக் கூடைமேல் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் அக்காள் மட்டும் டாக்டரைப் பார்த்து, "சரி, அடுத்து என்ன செய்யணும்?" என்று கேட்டாள். அந்தக் குரலை நான் இதற்கு முன்பு கேட்டதே இல்லை. நான்தான் மாடியில் இருந்திருக்கிறேனே.

உடனே கழுத்தை அறுப்பார்கள் என்று பார்த்தால், மேல் மாடியில் இருக்கும் ஆராய்ச்சிப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா. நம் மகள் வயதுதான் இருக்கும், போட்டிருந்த வெள்ளைக் கோட்டு அவர் அக்காளுடையது போலிருந்தது. கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திடீர்னு வியர்க்குமா, நெஞ்சு படபடன்னு அடிக்குமா, தலை வெடிக்கிற மாதிரி வலிக்குமா என்றே கேட்டுக்கொண்டிருந்தார். நான் முந்திக்கொண்டு, "அது நோய் இல்லீங்க, அவங்க குடும்ப குணம்" என்றேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெரிய கேன் ஒன்றைக் கொடுத்து, ஒருநாள் பூராவும் போகும் சிறுநீரை, ஒரு சொட்டு விடாமல், இதில் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார்.

பிடித்த கதையை விடுங்கள். பழக்கதோஷத்தில் நான் கேனின் பக்கவாட்டில் கோடு போட்டு அளவு குறிக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுநாள் அதை ஐஸ் கட்டிக்கு நடுவே பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டதைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர், "நல்ல எண்ணெயா? லிட்டர் என்ன விலை?" என்று கேட்டார். விற்பதற்கில்லை என்றேன். வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தானா என்று வருத்தப்பட்டார். ஆனால் மைத்துனரே, பரிசோதனைக் கூடத்தில் அந்தக் கேனை ஒரு பெண் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்ட விதத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

அதிலிருந்துதான் கண்டுபிடித்தார்கள். சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் மாதிரி ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறதாம். அதில் ஒரு கட்டி. நினைத்த நேரத்தில் ரத்தத்தில் சாற்றைக் கொட்டி, இதயத்தை ஓட ஓட விரட்டுகிற கட்டி. உங்கள் அப்பா பெருமைப்பட்டாரே, அந்தச் சூடு, அதன் அளவு ஒரு கொட்டைப்பாக்குதான். நாளமில்லாச் சுரப்பி என்று டாக்டரம்மா பெயர் சொன்னார். நாளம் என்றால் குழாய், அது இல்லாதது என்று விளக்கினார். எனக்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை. குழாயில்லாமல் எப்படி சப்ளை போகும் என்று சண்டைக்கே போனேன். நேராக ரத்தத்தில் விடும், ரத்தம் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் போகும் என்றார். ஒரு சொட்டில் உடம்பு முழுவதற்கும் உத்தரவு. காலமெல்லாம் குழாய் கசிவை அடைத்தே ஓய்ந்த நான், அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனேன்.

அடுத்து, குடும்பத்தில் யார் யார் என்று கேட்டுக் கட்டமும் வட்டமுமாக வரைந்தார். ஆண் கட்டம், பெண் வட்டம். உங்கள் அப்பா சின்ன ஆபரேஷனுக்குப் போனவர் மேசையிலேயே போய்விட்டார், அந்த டாக்டரோடு நாமெல்லாரும் போய்ச் சண்டை போட்டோம் என்று சொன்னதும் அவர் பேனா நின்றுவிட்டது. இந்தக் கட்டி இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் எகிறும், யாராலும் பிடிக்க முடியாமல் போகலாம் என்றார். அந்தக் காலத்தில் அந்த டாக்டருக்கும் தெரிந்திருக்க வழியில்லை என்றும் சொன்னார். நோய் உறுதியானவர்களின் கட்டத்தைத்தான் கறுப்பாக்குவார்களாம், உங்கள் அப்பாவுடையதைக் கறுப்பாக்கவில்லை. உறுதியாகத் தெரியாததால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார். பக்கத்தில் இருந்த கட்டம் நீங்கள். அதிலும் கேள்விக்குறி.

ஒரு ஸ்பூன் ரத்தத்தில் மீதியைச் சொல்லிவிட்டார்கள். மரபணு என்று முன்னூறு கோடி எழுத்து நமக்குள் இருக்கிறதாம். அதில் ஒன்றே ஒன்று மாறியிருக்கிறது. அதனால் ஒரு சுவிட்ச் 'ஆன்' பக்கமே சிக்கிக்கொண்டு நிற்கிறது, கழுத்திலும் வளர்க்கிறது, சிறுநீரகத்தின் மேலும் வளர்க்கிறது. எப்படி இவ்வளவும் தெரிந்தது என்று கேட்டேன். உறைநிலை அறையைத் திறந்து காட்டினார். புகை மாதிரி குளிர். உள்ளே அடுக்கடுக்காகச் சுண்டுவிரல் குழாய்கள். எந்தெந்த நாட்டிலோ, இதே நோய் வந்த குடும்பங்கள், தங்களுக்கு ஒரு பயனும் இருக்காது என்று தெரிந்தே தாத்தா முதல் பேத்தி வரை வரிசையில் நின்று ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். இவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வருஷக்கணக்காக ஒப்பிட்டுப் பார்த்து அந்த ஒரு எழுத்தைப் பிடித்திருக்கிறார்கள். முகம் தெரியாத அந்த மனிதர்களால்தான் இன்றைக்கு உங்கள் அக்காள் உயிரோடு இருக்கிறாள். அந்த அறை வாசலில் நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். டாக்டரம்மா, தரை சில்லிடும், போட்டுக்கங்க என்றார். நான் போட்டுக்கொள்ளவில்லை.

சிறுநீரகத்தின் மேலிருந்த கட்டியை முதலில் மருந்தால் அடக்கி, பிறகு எடுத்துவிட்டார்கள். கழுத்து ஆபரேஷன் அடுத்த மாதம். நல்லபடியாக முடியும் என்று நம்பிக்கை சொல்கிறார்கள். மகளுக்கும் ரத்தம் பார்த்தார்கள். அச்சு அசல் அம்மா மாதிரி கத்துகிறவள் என்பதால் பயந்துகொண்டேயிருந்தேன். அவளுக்கு அந்த எழுத்து மாறவில்லையாம். பிறகு ஏன் கத்துகிறாள் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன், அது தன் துறை இல்லை என்றுவிட்டார்.

ஆகவே மைத்துனரே, உங்கள் கோபம் உங்களுடையதல்ல. அது ஒரு கட்டியாக இருக்கலாம். என் மனைவி இத்தனை வருஷம் என்னைத் திட்டியதெல்லாம் அந்தக் கொட்டைப்பாக்கு திட்டியதுதான் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு யார்மேலும் வருத்தமில்லை. அந்த எழுத்து மாற்றம் உங்களுக்கு இருப்பதற்கும் இல்லாததற்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்களுக்கு இருந்தால் குழந்தைகளுக்கும் பார்க்க வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் தைராய்டை எடுத்துவிட்டுப் புற்றுநோயே வராமல் தடுத்துவிடலாம் என்கிறார்கள். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டு வந்து சேருங்கள். கேன் என்னிடம் இருக்கிறது, கழுவித்தான் வைத்திருக்கிறேன்.

தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உங்களுக்கு, ஆசியா வணக்கமா எது ஏற்புடையதோ அது.

இப்படிக்கு,
என்றும் உங்களுக்கு அடங்கிய
அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். உங்க அத்தான் ஒட்டுறதுக்கு முந்தி வாங்கிப் படிச்சேன். கட்டி சமாச்சாரம், ஆபரேஷன் சமாச்சாரம் எல்லாம் சரி. மத்ததெல்லாம் தப்பு. வியர்த்ததும் படபடத்ததும்தான் கட்டி. திட்டினது நான். கட்டியை எடுத்து மூணு வாரம் ஆச்சு, இன்னிக்குக் காலையில கூடத் திட்டினேன், கேட்டுப் பாரு. ஒவ்வொரு தடவையும் செத்துடுவேன்னு பயந்து நடுங்குவேன், யாராவது கையைப் பிடிச்சுக்க மாட்டாங்களான்னு இருக்கும். கோபம்னு நெனச்சு வீடே காலியாயிடும். திரும்பி வந்ததும் திட்டாம என்ன செய்ய? அப்பா வெளுத்து வியர்த்து நிக்கும்போது நாமளும் அப்படித்தானே ஓடினோம். நீ நிக்கும்போதும் ஓடுறாங்க. கடிதத்தைத் தபாலில் போட வேண்டாம்னு சொல்லிட்டேன், ரெண்டாவது வரியிலேயே கிழிச்சுடுவே. நாங்களே எடுத்துட்டு வர்றோம். நீ இதைப் படிக்கிறப்போ நான் உன் எதிர்லதான் உட்கார்ந்திருப்பேன். வியர்த்தா சொல்லு. நான் எழுந்து போகமாட்டேன்.