கிக் டிரம்முக்கு நங்கூரம்

ஒருவரைக் கண்மூடித்தனமாகப் பின்பற்றினால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள். நான் பின்பற்றியவர் இங்கிலாந்தில் ஒரு பாப் குழுவின் டிரம்மர். (அவருக்கு நான் யாரென்றே தெரியாது. தெரிந்திருந்தால் தடுத்திருப்பார்.) பிஸ்கட் டின்னைத் தட்டிப் பழகியது, தபால் ஆபீஸ் வேலையை உதறியது, குழு உடைந்தது, மறுபடி சேர்ந்தது என அவர் வாழ்க்கையே எனக்கு மனப்பாடம். அவருடைய கொள்கை ஒன்றுதான்: மேடையே இடிந்தாலும் பாட்டு முடிகிறவரை தாளம் நிற்கக் கூடாது.

என் முதல் மேடை, பெரியப்பா மகள் மேரி அக்காவின் கல்யாண ரிசப்ஷன். மாப்பிள்ளை நாசரேத்து வாத்தியார் குடும்பம். சத்தமாகத் தும்மினால்கூட மன்னிப்புக் கேட்கிறவர்கள். கடலில் மீன்பிடி லாஞ்சு ஓட்டும் என் அப்பா முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஒழுங்கா வாசிச்சேன்னா இசைக்குழுவுல சேந்துக்கோ. சொதப்புனேன்னா டிரம்ஸ வித்துட்டு பேங்க் பரீட்சைக்குப் படி."

டிரம்ஸ் இல்லாத வீட்டை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. செத்தாலும் சொதப்பக் கூடாது என்று முடிவெடுத்தேன்.

மண்டபத்து மேடை முழுக்க வழுக்கும் டைல்ஸ். காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம், அதாவது கிக் டிரம், ஒவ்வொரு அடிக்கும் முன்னால் நகர்ந்தது. மற்றவர்கள் அடியில் கார்ப்பெட் விரிப்பார்கள். (என் இங்கிலாந்துக்காரரும் விரிப்பார். வீடியோவில் நான் அவர் கையைத்தான் பார்த்தேன், காலடியைப் பார்க்கவில்லை.) நாங்கள் போட்டு, அதாவது படகு, ஓட்டுகிற வீடு. ஆடுகிற எதையும் கட்டித்தான் போடுவோம். அப்பா நைலான் கயிறு கொண்டுவந்து, மேடையிலேயே கனமான பொருளோடு டிரம்மைப் பிணைத்தார். அது எனக்குப் பின்னால் கிடந்த மணமக்கள் சோபா.

"புயலே அடிச்சாலும் அசையாது," என்றார்.

தொங்கிய பட்டுத் துணிக்குள் சோபாவுக்கு நாலு சக்கரம் இருந்தது என்பது அலங்காரம் செய்தவருக்கு மட்டுமே தெரியும்.

முதல் பாட்டு நன்றாகவே போயிற்று. இரண்டாவது வேகப்பாட்டு. டிரம் நகர்ந்தது. விடுவேனா? ஸ்டூலை இழுத்துக்கொண்டே அதன் பின்னாலேயே போனேன். கூட்டத்தில் எல்லோரும் போனைத் தூக்கினார்கள். நமக்குத்தான் என்று நினைத்து இன்னும் ஓங்கி மிதித்தேன். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். மணமக்கள் உட்கார்ந்தபடியே என் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். அக்கா போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் இரண்டு கையாலும் சோபாவைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்துகொண்டிருந்தார். நாசரேத்துக்காரர்கள் இது எங்கள் ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று மரியாதையாகக் கைதட்டினார்கள்.

பெரிய டிரம் மேடையை விட்டுக் கீழே விழுந்தது. கயிறு வெடுக்கென்று சோபாவை இழுத்ததும் அக்கா குதித்துவிட்டாள். அத்தானோடு சோபா வந்து என் முதுகில் முட்டியது. அப்பா பாய்ந்து ஏறிச் சோபாவின் முதுகைப் பிடித்து நிறுத்தினார். அவ்வளவுதான், டிரம்ஸ் போச்சு என்று நினைத்தேன். ஆனாலும் கை நிற்கவில்லை, மிச்சமிருந்த டிரம்மில் அடித்துக்கொண்டேயிருந்தேன். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே என் காதருகில் குனிந்தார்.

"ஏளா, நிறுத்தாத. நான் பிடிச்சிருக்கேன். பாட்ட முடி."

முடித்தேன்.

அதற்குப் பிறகு பேங்க் பரீட்சைப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை. "அவ தாளம் நின்னுச்சா? என் கட்டுதான் அவுந்துச்சா?" என்று கேட்டு எல்லோர் வாயையும் அடைத்துவிட்டார்.

இப்போது நான் ஓர் இசைக்குழுவில் வாசிக்கிறேன். கார்ப்பெட் இருக்கிறது. இருந்தும் எங்கள் வீட்டுக் கல்யாணம் எதிலும், "சோபாவ எதுல கட்டியிருக்கு?" என்று யாராவது கேட்காமல் பந்தி ஆரம்பிப்பதில்லை. போன மாதம் அத்தான் மகள் பிறந்தநாளுக்கு வாசித்தேன். கேக் வெட்டி, போட்டோ எடுத்து, பிரியாணி சாப்பிட்டு முடிக்கும்வரை மனிதர் நின்றுகொண்டேதான் இருந்தார்.