வடக்கு ஜன்னலில் ஒரு மேக்

செலக்‌ஷன் பாய் தரம் பிரிக்காத பொருள் ஆம்பூரில் கிடையாது. தோல், மாம்பழம், பிரியாணி, பஸ் டிரைவர், பேங்க் மேனேஜரின் தலைமுடி, எதுவும் அவரிடமிருந்து தப்பியதில்லை. நாங்கள் இருவரும் இருந்த ஷூ கம்பெனியில் அவருக்கு அதுதான் வேலை. வந்து இறங்கும் தோலை வடக்கு ஜன்னலோரப் பெரிய மேஜையில் விரிப்பார். தடவுவார், மடிப்பார், மோந்து பார்ப்பார். பிறகு ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட், ரிஜெக்ட் என்று பிரிப்பார். இதற்குப் பெயர் செலக்‌ஷன். வடக்கு வெளிச்சத்தில்தான் தோலின் பழுது ஒளிந்துகொள்ள முடியாதாம். அவருடைய சொந்தப் பெயர் அவர் வீட்டுக்காவது ஞாபகம் இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

மகள் ஷமீமாவுக்குப் பேசிய மாப்பிள்ளை முதல்முறை வீட்டுக்கு வந்தபோதும் விடவில்லை. வடக்கு ஜன்னலுக்கு எதிரில் உட்காரவைத்து நிதானமாகப் பார்த்திருக்கிறார். மறுநாள் ஏற்றுமதிப் பிரிவில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த என்னிடம் வந்து முடிவை அறிவித்தார்.

"முதுகு நல்லாருக்கு சாமு. கழுத்துல லேசா சுருக்கம். வயிறு இப்பவே லூசு. செகண்டு போட்டுட்டேன்."

"அவரு மனுசனா தோலா பாய்?"

"ரெண்டும் ஒண்ணுதான். உப்பு போட்டா தாங்குதான்னு பாக்கணும்."

அந்தச் செகண்டுக்கே ஷமீமாவைக் கொடுத்தார். நிக்காஹுக்கு எங்கள் கம்பெனிக்கு வந்துபோகும் இத்தாலிக்கார டிசைனர் மார்க்கோவும் வந்திருந்தார். கையில் புது கேமரா. ஆண்கள் பக்கம் நடந்ததையெல்லாம் ஓடி ஓடிப் படம்பிடித்தார். நடுவில் பிரியாணிக்காக மட்டும் கேமராவைக் கீழே வைத்தார். ஷமீமா பெண்கள் பக்கம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததால், தன் கல்யாணத்தில் அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. "அத்தா அழுதாராமே" என்று யாரோ அவளிடம் பற்றவைத்துவிட்டார்கள். பாய் ஒப்புக்கொள்ளவே இல்லை.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் நடந்தது இது. சில வாரம் கழித்து மார்க்கோ படத்தை ஒரு சின்ன ஹார்ட் டிஸ்கில் போட்டு அனுப்பியிருந்தார். டிஸ்கைக் கையில் வாங்கிய உடனே பாய் என் மேஜைக்கு வந்தார்.

"மெயில் அடி சாமு. படம் ஃபர்ஸ்ட் கிளாஸ். மியூசிக் ரொம்பப் பிரமாதம்."

"இன்னும் பாக்கவே இல்லயே பாய்?"

"பிரியாணி சட்டி மூடியத் தொறந்ததுமே நல்லாருக்குன்னு சொல்றே இல்ல? சாப்ட்டுட்டா சொல்றே? அடி."

அடித்தேன். அனுப்பினேன். அதன் பிறகுதான் டிஸ்கைக் கம்பெனி கம்ப்யூட்டரில் செருகினோம். 'இதைப் படிக்க முடியவில்லை, எல்லாவற்றையும் அழித்துச் சுத்தம் செய்யட்டுமா' என்று கேட்டது அது. பாய் என் கையை மவுஸோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். விசாரித்ததில் அந்த டிஸ்க் ஆப்பிள் கம்பெனியின் மேக் கம்ப்யூட்டரில்தான் திறக்கும் என்று தெரிந்தது. வாணியம்பாடியிலிருந்து வேலூர் வரை கேட்டுப் பார்த்தோம், எங்களுக்குத் தெரிந்த யாரிடமும் மேக் இல்லை.

"மார்க்கோகிட்டயே சொல்லி வேற மாதிரி அனுப்பச் சொல்லலாம் பாய்."

"பிரமாதம்னு எழுதிட்டு, தொறக்கலன்னு எழுதறதா? விருந்தாளி மூஞ்சில கரி பூசச் சொல்றியா?"

ஷமீமாவும் மாப்பிள்ளையும் மஸ்கட் போக டிக்கெட் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விமானம். அதற்குள் அவள் படத்தைப் பார்த்தாக வேண்டும். என்னிடம் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. சாதாரண லேப்டாப்பிலும் மேக்கின் மென்பொருளை ஏற்றலாம் என்று இணையத்தில் சிலர் சத்தியம் செய்திருந்தார்கள். சென்னையிலிருந்து ஒரு நண்பன் மூலம் அதை ஏற்றுவதற்கான டிவிடி வந்தது. என் நிம்மதி அன்றோடு போயிற்று.

வேலை நடந்த இடம் செலக்‌ஷன் மேஜை. நேரம் சாப்பாட்டு வேளை. வடக்கு வெளிச்சம் இல்லாமல் என் லேப்டாப்பைத் தொட பாய் விடவில்லை.

"இந்த வெளிச்சத்துல ஸ்கிரீன்ல ஒண்ணுமே தெரியல பாய்."

"ஸ்கிரீன் தெரியாட்டி இன்னா? பழுது தெரியும்."

பழுதுக்குப் பஞ்சமே இல்லை. பாதி தூரம் போகும், மேலிருந்து சாம்பல் நிறத்தில் திரை இறங்கும், 'மறுபடி முதலிலிருந்து ஆரம்பி' என்று நாலு பாஷையில் சொல்லும். "இத்தன பாஷையில திட்டுது, நமக்குப் புரியறாப்ல ஒண்ணுல திட்டக் கூடாதா" என்று பாய் வருத்தப்பட்டார். லேப்டாப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தடவினார், மோந்தார்.

"ஆடு உசிரோட இருக்கும்போது வந்த பழுதா, உரிக்கும்போது வந்ததா?"

எனக்குத் தெரியவில்லை. இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான், லேப்டாப்புக்குள் இருக்கும் இரண்டு மெமரித் துண்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஏற்றிப் பார் என்று எழுதியிருந்தார். கழற்றினேன். மேக் எழுந்து உட்கார்ந்தது. "பாரம் ஜாஸ்தின்னு தடவும்போதே நெனச்சேன்" என்றார் பாய்.

எழுந்ததே தவிர, அதன் குணம் சரியில்லை. படம் அகலவாக்கில் இழுத்துக்கொண்டு தெரிந்தது. மூடியை மூடினால் தூங்கிவிடும், பிறகு எழுப்ப முடியாது. பாய் ஷூ தைக்கும் மரக்கட்டை ஒன்றை எடுத்து வந்து மூடிக்கும் விசைப்பலகைக்கும் நடுவில் முட்டுக் கொடுத்தார். அப்படியே ஷேர் ஆட்டோவில் ஏறி, வாய் பிளந்த லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஆட்டோவில் இருந்த ஒரு அம்மா, "கடிக்குமா தம்பி?" என்று கேட்டார்.

வீடே கூடி உட்கார்ந்தது. படம் ஓடியது. எல்லாரும் ஒன்றுக்கு இரண்டு மடங்கு பருமனாக இருந்தார்கள். "லூசுன்னு சொன்னேன்ல" என்று மாப்பிள்ளையின் வயிற்றைக் காட்டி பாய் என் காதைக் கடித்தார். ஆனால் சத்தம் வரவில்லை. எல்லாரும் வாயை மட்டும் அசைத்தார்கள்.

நிக்காஹ் முடிந்த காட்சியில், திரையில் இருந்த பாய் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து, குனிந்து, காதில் நீளமாக ஏதோ சொன்னார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அத்தா, அழுவுறீங்க," என்றாள் ஷமீமா.

"மசாலா கண்ணுல பட்டுடுச்சி."

"இவரு காதுல இன்னா சொன்னீங்க?"

"சாப்ட்டுட்டுப் போங்கன்னேன்."

ஷமீமா புருஷனைப் பார்த்தாள். "சொல்ல மாட்டேன்னு மாமாகிட்ட வாக்கு குடுத்துட்டேன்" என்றார் அவர். உடனே அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, எப்படியாவது சத்தம் வர வைங்க. போறதுக்குள்ள நான் அதக் கேட்டாவணும்."

அடுத்த நாட்கள் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. சத்தத்துக்கென்று ஒரு ஃபைலை ஏற்றினால் விசைப்பலகை செத்தது. அதை எடுத்து வேறொன்றைப் போட்டால் சாம்பல் திரை இறங்கியது. அதைவிடப் பெரிய இடைஞ்சல் பாய்தான். அதுவரை மேஜையைத் துடைத்துத் தயாராக வைத்திருந்த மனிதர், இப்போது நான் லேப்டாப்போடு வந்தாலே ஜன்னலை எட்டிப் பார்த்தார்.

"வெளிச்சம் பத்தல சாமு. நாளைக்குப் பாக்கலாம்."

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. சத்தம் வந்துவிடுமோ என்று அவருக்குப் பயம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை லேப்டாப்போடு அவர் வீட்டுக்குப் போய், முடியவில்லை என்று சொன்னேன். பெட்டிகள் கட்டி முடித்து வாசலில் இருந்தன. ஷமீமா படத்தை அந்த இடத்துக்கு ஓட்டிப் போட்டாள். மறுபடி போட்டாள். பிறகு குனிந்து, ஸ்பீக்கர் இருக்கும் ஓரத்தில் காதை ஒட்டி வைத்துக்கொண்டாள்.

பாய் அதைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"ஊர்ல இருக்கறது எல்லாத்தையும் கிரேடு போட்டிருக்கேன். எம் பொண்ண மட்டும் போட்டதே இல்ல. நீங்களும் போடாதீங்க. அதான் சொன்னேன்."

"வார்த்த மாறல," என்றார் மாப்பிள்ளை.

ஷமீமா லேப்டாப்பிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. நான் மரக்கட்டையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். என் கண்ணிலும் மசாலா பட்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து பாயின் மனைவி குரல் கொடுத்தார். "அப்போ எனக்கு இன்னா கிரேடு போட்டீங்க?"

"வெளிச்சம் பத்தல," என்றார் பாய். ஷமீமா அழுகையோடு சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்போடுதான் மறுநாள் விமானம் ஏறினாள்.

அடுத்த சீசனுக்கு மார்க்கோ வந்தபோது, பாய் இல்லாத நேரம் பார்த்து அந்தச் சத்தத்தைப் பற்றி மெல்ல விசாரித்தேன். அவர் திருதிருவென்று விழித்தார். புதுக் கேமராவில் மைக்கைத் திறக்க மறந்துவிட்டாராம். படத்தில் சத்தமே கிடையாதாம். "மியூசிக் பிரமாதம் என்று எழுதினாரே உங்கள் நண்பர், அவர் எவ்வளவு நாகரிகமான மனிதர்" என்றார் உருகிப்போய்.

இதைச் சொன்னதும் பாய் சிரித்த சிரிப்பில் மேஜைமேல் இருந்த தோல்கள் சரிந்தன. "அப்போ உன் லேப்டாப்ப ரிஜெக்ட்ல போட்டது தப்பு. தேர்டுக்கு ஏத்திக்கோ."

அந்தச் சந்தோஷத்தில், ரொம்ப நாளாக மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"எனக்கு இன்னா கிரேடு பாய்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மதியம் பன்னிரண்டு மணி, மேஜை முழுக்க வடக்கு வெளிச்சம் பளிச்சென்று விழுந்திருந்தது.

"வெளிச்சம் பத்தல சாமு," என்றார்.