உங்கள் மகன் முழு எண் என்றார், என் கம்பைலர் நம்பவில்லை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

(சம்பந்தி என்று எழுதும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. நேற்று நீங்கள் போனை வைத்த வேகத்தைப் பார்த்தால் இல்லை. வேறு எப்படி அழைப்பது என்று தோன்றாததால் அப்படியே விட்டிருக்கிறேன். பிடிக்காவிட்டால் அந்தச் சொல்லை அடித்துவிட்டு வாசிக்கவும்.)

இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் மனைவி என்னோடு பேசுவதில்லை, மகள் அறைக்கதவைத் திறப்பதில்லை, எனக்கு நெஞ்செரிச்சல். தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். திட்டியவர்கள் நன்றாகத் தூங்குவார்கள், வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான்.

தங்களிடம் மன்னிப்புக் கேட்கவே இந்தக் கடிதம். அதற்கு முன், நான் என்ன செய்தேன் என்பதையாவது நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நேற்று என்னைப் பேசவிடாமல் நீங்களே பேசி முடித்துவிட்டீர்கள். எங்கள் அலுவலகத்தில் புரோகிராம்களை லிஸ்ப் என்ற மொழியில் எழுதுகிறார்கள். அதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். அந்தக் கம்பைலரைக் கட்டிக்கொண்டு அழுவது நான். யாருடைய புரோகிராம் ஓடினாலும் அது எழுதியவரின் திறமை, ஓடாவிட்டால் மட்டும் "கம்பைலர் சரியில்ல சார்". மருமகள் பாடு மாதிரிதான் என் பாடும். இதில் அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் உங்கள் மகன் வேறு, கல்யாணம் பேசி முடித்த நாளிலிருந்து என்னை எல்லோர் முன்னாலும் "மாமா, மாமா" என்று கூப்பிட, நான் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேச முடியாமல் போயிற்று.

முதல் குற்றம், தற்காலிகக் கோப்பு. கம்பைலர் வேலை பார்க்கும்போது பாதி முடிந்ததை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும், முடிந்ததும் அழித்துவிடும். அதை அலுவலகமே புழங்குகிற பொது ஃபோல்டரில், எப்போதும் ஒரே பெயரில் எழுதிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் தெரிந்த செருப்புக்கு அடியில் வீட்டுச் சாவியை வைத்துவிட்டுப் போவது போல. யாராவது அந்தப் பெயரில் தன் கோப்பு ஒன்றை முன்கூட்டியே வைத்துவிட்டால், என் கம்பைலர் அதையும் நல்ல பிள்ளையாக எடுத்து விழுங்கிவிடும். நான் இதைச் சொன்னபோது மேனேஜர், "நம்ம ஆளுங்க யாருய்யா அப்படிச் செய்வாங்க?" என்றார். மறுநாளே எங்கள் சோடாபுட்டி (கண்ணாடியின் தடிமனால் வந்த பெயர்) வேடிக்கைக்காக அப்படி ஒரு கோப்பை வைக்க, மேனேஜரின் வாராந்திர அறிக்கை முழுக்க "போய்ப் படுங்க" என்ற ஒரே வாசகமாக அச்சாகி வந்தது. அதன் பிறகுதான் எனக்கு அனுமதி கிடைத்தது. ஒவ்வொரு முறையும் யாராலும் ஊகிக்க முடியாத புதுப் பெயர், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் தொடவே கூடாது, உரியவரைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாது என்று மாற்றினேன். பாராட்டுவார்கள் என்று நினைத்தேன் சம்பந்தி. ஆபீஸே திரண்டு வந்தது. அழிந்துபோக வேண்டிய அந்தக் கோப்பை, அழிவதற்குள் ஆளுக்கு ஆள் நகலெடுத்துப் பிழைப்பு நடத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்! உங்கள் மகனும்தான். "மாமா, என் ஃபைலைக் காணோம் மாமா" என்று வந்து நின்றார். "அது உங்க ஃபைலே இல்லையே மாப்ள" என்றேன். அன்றைக்கே அவர் முகம் சுருங்கியது. என் மரமண்டைக்கு அது உறைக்கவில்லை.

அடுத்ததுதான் உங்களைப் போன் செய்ய வைத்தது. லிஸ்பில் ஒரு பெயருக்குள் எண், எழுத்து, பட்டியல் என்று எதை வேண்டுமானாலும் வைக்கலாம். வேகமாக ஓட வேண்டுமென்றால், "இதில் முழு எண் மட்டுமே வரும்" என்று எழுதுபவர் வாக்குக் கொடுக்கலாம். கம்பைலர் அந்த வாக்கை அப்படியே நம்பி, உள்ளே வருவது என்ன என்று எட்டிக்கூடப் பார்க்காது. உங்கள் மகன் எழுதியது மருந்துக் கிடங்கின் குளிர் அறைகளைக் கண்காணிக்கும் புரோகிராம். வெப்பநிலை முழு எண்ணாகத்தான் வரும் என்று எழுதிக்கொடுத்தார். எந்த ஊர்க் குளிர் முழு எண்ணில் அடிக்கிறது? பின்னம் வரும்போதெல்லாம் அதையும் முழு எண்ணாகத் தப்பாக வாசித்து, திரையில் ஐஸ் பெட்டி அடுப்பைவிடச் சூடு என்று காட்டும். தம்பி கூசாமல் "தெர்மாமீட்டர் கோளாறு" என்பார். அதை மாற்றுகிற மெக்கானிக் பாவம், புதிது புதிதாக மாட்டி, திட்டு மேல் திட்டு வாங்கி, கடைசியில் "எனக்குக் கண்ணு தெரியலையோ என்னமோ சார்" என்று என்னிடமே அழுதார். அதனால்தான் கொடுத்த வாக்கைக் கம்பைலர் சோதிக்கும்படி மாற்றினேன். பொய்யாக இருந்தால் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும்.

இதில் என் தவறு ஒன்று உண்டு, மறைக்கவில்லை. பிழைச் செய்தியில் அந்த வரியை எழுதியவரின் பெயரும் வரும்படி செய்துவிட்டேன். தேடுவதற்கு வசதியாக இருக்குமே என்று. கிடங்குக்காரர்கள் பார்வையிட வந்த அன்று, சுவர் அளவு திரையில், "முழு எண் என்றீர்கள், வந்திருப்பது பின்னம்" என்று சிவப்பு எழுத்தில் வந்தது. அதற்குக் கீழே, "வாக்குக் கொடுத்தவர்" என்று போட்டு உங்கள் மகனின் பெயர், முதலெழுத்துடன். அந்த முதலெழுத்து தங்களுடையது என்பதால் உங்கள் மானமும் சேர்ந்து கப்பலேறியது புரிகிறது. வந்தவர்களில் ஓர் அம்மாள் மட்டும், "அப்போ எங்க மருந்தெல்லாம் இத்தனை நாள் எந்தச் சூட்டுல இருந்துச்சு?" என்று கேட்டார். அதற்கும் எல்லோரும் என்னைத்தான் முறைத்தார்கள்.

தாங்கள் போனில் சொன்ன வாசகம் இன்னும் காதிலேயே இருக்கிறது. "என் பையன் சொன்ன சொல்லை நம்பாத வீட்ல நாங்க சம்பந்தம் வெச்சுக்க முடியாது." ஐயா, தாங்கள் ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. ஆயுள் முழுக்க அடுத்தவர் சொன்னதை நம்பாமல் இருந்ததற்காகப் பதவி உயர்வு வாங்கியவர். நான் ஒரே ஒரு முறை சோதித்ததற்குக் கல்யாணத்தை நிறுத்துகிறீர்கள். நன்றாக இருக்கிறது உங்கள் நியாயம்! மன்னிக்கவும், கை வழுக்கிவிட்டது.

என் மனைவி நேற்று ஒரே கேள்விதான் கேட்டாள். "பொண்ணு வாழ்க்கையை விட உங்களுக்கு அந்தப் பாழாப்போன கம்பைலர் பெருசாப் போச்சா?" "நாளைக்கே அந்த ரெண்டு மாற்றத்தையும் எடுத்துடறேன்" என்றேன். மகள் கதவுக்கு உள்ளிருந்தபடியே, "அப்பா, எதையும் எடுக்காதீங்க, கொஞ்சம் பொறுங்கப்பா" என்றாள். விரக்தியில் பேசுகிறாள் என்று நினைத்தேன். இன்று காலை யாரும் வருவதற்கு முன்பே அலுவலகம் போய் இரண்டையும் எடுத்துவிட்டேன். கோப்புக்குப் பழைய பெயர், பழைய ஃபோல்டர். யார் என்ன வாக்குக் கொடுத்தாலும் இனி என் கம்பைலர் தலையாட்டும். என் வேலையில் நான் உருப்படியாகச் செய்தது அவை இரண்டுதான். என் கையாலேயே அழித்தேன். குளிர் அறையில் மறுபடியும் அடுப்பு எரியட்டும், மெக்கானிக் கண் டாக்டரிடம் போகட்டும், உங்கள் மனம் குளிர்ந்தால் போதும்.

ஆகவே, நடந்த அனைத்துக்கும் தங்கள் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து கல்யாணத்தை நிறுத்திவிடாதீர்கள். தங்கள் துணைவியாருக்கு என் பணிவான வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசிகள், அவர் ஏற்றுக்கொண்டால்.

இப்படிக்கு,
தலை குனிந்து நிற்கும்,
பெண்ணைப் பெற்றவன்.

பி.கு: கடிதத்தை மடித்து உறைக்குள் போடும் நேரத்தில் வாசல் மணி அடித்தது. உங்கள் மகன். மகள் அறையைவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். இருவரும் போன வாரமே பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டார்களாம். மண்டபமும் விருந்தும் பெரியவர்கள் ஆசைக்காக அப்புறம் நடக்கட்டும் என்று வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். சான்றிதழைக் காட்டினார்கள். பழக்கதோஷம், சோதித்துப் பார்த்தேன். சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பவர் தங்கள் துணைவியார்.

நான் காலையில் செய்ததைச் சொன்னதும் உங்கள் மகன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ஐயோ மாமா, அதை ஏன் எடுத்தீங்க? தப்பு என்னோடது. ராத்திரியே திருத்திட்டேன். அந்தச் சோதனை இல்லாம, திருத்தினது சரியான்னு எனக்கு எப்படித் தெரியும்? அப்பாகிட்ட சொல்லிப் பார்த்தேன், அவரு எங்க கேட்டாரு?" என்றார். எடுத்தவற்றைத் திரும்பப் போட இப்போது நானும் அவரும் அலுவலகம் கிளம்புகிறோம். இவ்வளவு எழுதியபின் கிழித்துப்போட மனம் வராததால் கடிதத்தை அனுப்புகிறேன். மன்னிப்பை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.