மேசை மணியும் கணக்கப்பிள்ளைப் பூனையும்

கூப்பிட்டால் ஓடி வருகிற ஒரு சீவனையாவது இந்த வளவுக்குள் உண்டாக்கிக் காட்டுவது என்று அம்பலவாணர் ஓர் ஆனி மாதத்துக் காலையில் சபதம் எடுத்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் பெண்சாதி கேட்டுவிடுவாள்.

மனிதர் சாதாரண ஆளில்லை. மாத்தறையில் சுருட்டுக்கடை முதலாளியாக இருந்தவர். காசு லாச்சிக்குப் பக்கத்தில் பித்தளையில் ஒரு மேசை மணி. உச்சியில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், மூன்று பேர் ஓடி வருவார்கள். ஒருவன் கையில் தேத்தண்ணி, மற்றவன் கையில் துடைப்பம், மூன்றாமவன் வெறுங்கையோடு வந்து பணிவாக நிற்பான். அப்படி ஒருவன் சும்மா வந்து நிற்பதில்தான் முதலாளித்தனத்தின் முழு ருசியும் இருக்கிறது.

அந்தக் காலத்தில் அவர் ஊருக்கு வந்தது தீபாவளிக்கும் நயினை அம்மன் திருவிழாவுக்கும்தான். வந்தால் முட்டைப் பொரியல், நல்லெண்ணெய் முழுக்கு, மாப்பிள்ளை மரியாதை. அது எந்நாளும் நடக்கும் என்று நம்பியது அவர் பிழை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொன்னவன் கலியாணம் கட்டினவனாகத்தான் இருக்கவேண்டும். கடையைத் தங்கை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, மணியைத் துவாயில் சுற்றிக்கொண்டு, சாய்மனைக் கதிரையை லொறியில் ஏற்றிக்கொண்டு, தீவுக் கிராமமான சுருவிலுக்கு ஒரேயடியாக வந்து சேர்ந்தார்.

அந்தக் கதிரைக்கு ஒரு கனவு இருந்தது. கடைக்கு மேல், சுருட்டுப் புகை மணக்கும் சின்ன அறையில் படுத்துக்கொண்டு, எத்தனையோ வருடமாக அவர் கண்ட கனவு. சோளகக் காற்று வீசுகிறது. சுருவில் வீட்டு விறாந்தையில் கதிரை கிடக்கிறது. கதிரையில் அவர் கிடக்கிறார். பனைகள் ஒன்றோடொன்று உரசி ஏதோ இரகசியம் பேசுகின்றன. கடல் தூரத்தில் மூச்சு விடுகிறது. ஒரு மணி தட்ட, யாரோ வருகிறார்கள். வந்தது யாரென்று பார்ப்பதற்குள் எப்போதும் விழிப்பு வந்துவிடும்.

வந்து பார்த்தால் விறாந்தையில் தையல் மெஷின் நின்றது.

"கதிரையை இஞ்சை போடுவம்," என்றார் அம்பலவாணர்.

"இஞ்சை மெஷின் நிக்குது," என்றாள் பெண்சாதி அன்னபூரணம்.

"மெஷினை உள்ளுக்கு எடுக்கலாமே."

"எடுத்தா முத்தத்தில காயிற வடகத்தை ஆர் பாக்கிறது? ஒரு கண் ஊசியில, ஒரு கண் காகத்தில. அப்பிடித்தான் நான் இவ்வளவு காலமும் தைக்கிறனான்."

"காத்துக்குத் துணியெல்லாம் பறக்குதே."

"பறக்குதுதான். நானும் பின்னால ஓடுறன்தான். என்ன செய்யிறது, எனக்கு ரெண்டு கைதானே."

வீடு அவளுடைய சீதன வீடு. மேற்கொண்டு பேச அவருக்கு வீட்டு உறுதிப் பத்திரத்தில் இடமில்லை. கதிரை பின்வளவு மால் கொட்டிலுக்குப் போனது. அங்கே காற்று வராது. கோழி வரும். இரண்டாம் நாளே ஒரு பேடு அதில் முட்டையிட்டு, தானே அதன் உரிமைக்காரி என்று ஊருக்கெல்லாம் அறிவித்தது.

இடம் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். மாலில் இருந்து "அன்னம்" என்று கூப்பிட்டால், குசினியில் இருந்து "என்ன?" என்று ஒரு குரல் வருமே தவிர ஆள் வராது. அதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அவள் மட்டும் அவரைக் கூப்பிடுவதில் குறையில்லை. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது; "இஞ்சாருங்கோ" என்றால் சோளகம் அள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே அகப்பையால் சட்டி விளிம்பில் தட்டுவாள். டக், டக். சோறு தயார். அம்பலவாணர் எழுந்து போவார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

இந்த நிலையில்தான் அல்லைப்பிட்டிக் கடற்றொழிலாளி இன்னாசித்தம்பி, பழைய சிநேகிதன், மீன் கொண்டுவருகிற உமலுக்குள் ஒரு பூனைக்குட்டியை வைத்துக் கொடுத்தான். மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு கைப்பிடிப் பூனை. காதுக்குப் பின்னால் பேனா சொருகியதுபோல் ஒரு கறுப்புக் கோடு. அதைக் கண்டதும் அம்பலவாணர் 'கணக்கப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டார்.

"உது என்ன?" என்றாள் அன்னபூரணம்.

"பூனைக்குட்டி."

"அது தெரியுது. ஏன்?"

"மணி தட்டினா வரப் பழக்கப் போறன்."

"பூனையையோ? நாய் கூப்பிட்டா வரும். பூனை விரும்பினா வரும்."

"மாத்தறையில எத்தினை பேரைப் பழக்கினனான் தெரியுமே உமக்கு?"

"அவையளுக்குச் சம்பளம் குடுத்தனீங்கள்."

"இதுக்கும் குடுப்பன். தட்டுக்கு ஒரு நெத்தலி."

"குடுங்கோ. ஆனா நாளைக்கு அம்மனுக்குக் கொடியேற்றம். கொடி இறங்குமட்டும் இந்த வளவுக்குள்ள மீன் மச்சம் இல்லை."

அம்பலவாணர் திகைத்துப் போனார். கொடி ஏறினால் தீவுப்பகுதி முழுக்க மரக்கறிதான், மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அது பூனைக்கும் பொருந்துமென்று நினைக்கவில்லை.

"இது அல்லைப்பிட்டிப் பூனை, அன்னம். சேர்ச்சுக்குப் போற வேதக்காரர் வீட்டில பிறந்தது. இதுக்கு விரதம் இல்லை."

"எங்கை பிறந்தாலும், புகுந்த வீட்டு வழக்கம்தான். நீங்களும் இஞ்சை புகுந்த ஆள்தானே, ஒழுங்கா இருக்கிறியள்தானே."

வேலிக்கு மேலால் அடுத்த வீட்டுச் செல்லாச்சியின் தலை தெரிந்தது. அந்தத் தலை நல்ல சண்டை எதையும் தவறவிட்டதில்லை.

"நான் பழக்கிக் காட்டினா?" என்றார் அம்பலவாணர், சாட்சி இருக்கிற துணிவில்.

"காட்டினா மெஷினை உள்ளுக்கு எடுக்கிறன். விறாந்தை உங்களுக்கு. காட்டாட்டி?"

"காட்டாட்டி நீர் சொல்லுற வேலையைச் செய்யிறன்."

"கேட்டனீங்களோ, செல்லாச்சி அக்கா? கொடி இறங்கி அடுத்த நாள் பார்வை."

"கேட்டனான், பிள்ளை," என்றது தலை.

பயிற்சி தொடங்கியது. மணியைத் தட்டுவார். பாற்சோற்றில் ஓர் உருண்டை காட்டுவார். கணக்கப்பிள்ளை மணியைப் பார்க்கும், சோற்றைப் பார்க்கும், பிறகு மாத்தறைக் கடையில் வட்டி கேட்க வந்தவரை அங்கத்தைய கணக்கப்பிள்ளை பார்த்ததுபோலவே அவரையும் பார்க்கும். பார்த்துவிட்டு வாலைப் பிடிக்கச் சுற்றும்.

உண்மையைச் சொன்னால், அதிக நேரம் பயிற்சி நடக்கவில்லை. விளையாட்டுத்தான் நடந்தது. மெஷினடியில் விழுந்த சீலைத்துண்டை ஈர்க்கில் கட்டி ஆட்டினால், குட்டி பின்னங்கால்களில் எழுந்து நின்று காற்றோடு மல்லுக்கட்டும். வெறும் நூற்கட்டையை உருட்டிவிட்டால் முற்றத்து மணலில் அதைத் துரத்திப் போய், பிடித்ததும் ஏன் பிடித்தோம் என்பதை மறந்து, பனைமர நிழல் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு படுத்துவிடும். அம்பலவாணரும் பார்ப்பார். நிழல் மணலில் போய்ப் போய் வரும். கடலுக்கு அப்பால் நயினாதீவில் மேளச் சத்தம் காற்று ஏறும்போது கேட்டு, இறங்கும்போது மறையும். இப்படி ஒரு நிழலைப் பார்த்துக்கொண்டு இருக்க மாத்தறையில் எவன் விட்டான் என்று நினைப்பார். அந்த நேரங்களில் அவருக்கு விறாந்தையும் வேண்டாம், மணியும் வேண்டாம் என்று இருந்தது. கோழி வந்து கதிரையைக் கேட்கும்போதுதான் வீரம் திரும்பி வரும்.

நாட்கள் ஓடின. பாற்சோற்றுக்குப் பூனை மசியவில்லை. அப்போதுதான் முதலாளி மூளை வேலை செய்தது. வளவுக்குள் மச்சம் இல்லை என்றுதானே சொன்னாள்? வேலிக்கு அங்கால் வளவா? இல்லையே.

சைக்கிளை எடுத்தார். அல்லைப்பிட்டிக்குப் போனார். இன்னாசித்தம்பியிடம் நெத்தலிக் கருவாடு ஒரு தகர ரின் நிறைய வாங்கினார். பின்வேலிக்கு வெளியே ஒரு பூவரசு நின்றது. அதன் கிளைக் கவரில் ரின்னை வைத்து ஓலையால் மூடினார். மத்தியானம் அன்னபூரணம் கொஞ்சம் சரிந்து கண்ணயர்கிற நேரம் பார்த்து, குட்டியைத் தூக்கிக்கொண்டு வேலிப் பொட்டு ஓட்டையால் குனிந்து வெளியே போவார். பூவரசடியில் மணி தட்டுவார். டிங். ஒரு நெத்தலி. டிங். இன்னொன்று. மூன்றாவது டிங்குக்குக் கணக்கப்பிள்ளை அவர் மடியில் நின்றது.

அவர் ஒரு நெத்தலிதானும் வாயில் வைக்கவில்லை. மணந்து பார்த்ததோடு சரி. திரும்பி வந்து தேசிக்காய் இலை கசக்கிக் கை கழுவுவார்.

"என்ன, வரவரக் கை நல்லா மணக்குது?" என்று ஒருநாள் அன்னபூரணம் கேட்டாள்.

"விரதகாலம் எல்லே. சுத்தமா இருக்கவேணும்."

"ஓம், ஓம்," என்றாள். அந்த இரண்டாவது ஓமில் கொஞ்சம் நீளம் கூடியிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

கொடி இறங்கியது. அடுத்த நாள் தீவு முழுக்க மீன் சட்டிகள் நிமிர்ந்தன. குசினியில் ஒட்டிமீன் குழம்பு கொதிக்கத் தொடங்கியது. அம்பலவாணர் வேட்டியை மாற்றி, நெற்றியில் திருநீறு பூசி, முற்றத்து நடுவில் முக்காலி போட்டு மணியை வைத்தார். செல்லாச்சி இந்தத் தடவை தலையோடு முழு உடம்பையும் கொண்டு வந்திருந்தாள். பூனை விறாந்தைப் படியில் கால் நக்கிக்கொண்டு இருந்தது.

"பாருங்கோ அக்கா," என்றார். தட்டினார்.

டிங்.

கணக்கப்பிள்ளை அம்பாகப் பாய்ந்தது. அம்பலவாணர் இரண்டு கையையும் விரித்தார். பூனை அந்தக் கைகளுக்குக் கீழால் போய், கிணற்றடியைத் தாண்டி, வேலிப் பொட்டால் நுழைந்து வெளியே மறைந்தது.

பிறகு பூவரசடியில் இருந்து ஒரு மியாவ் வந்தது. சம்பளம் கேட்கிற மியாவ்.

"உது ஏன் தம்பி, மணி இஞ்சை அடிக்க அங்கை ஓடுது?" என்றாள் செல்லாச்சி. சொன்னதோடு நிற்காமல் பின்வேலிக்கு மேலால் எட்டியும் பார்த்தாள். "மரத்தை நிமிந்து பாத்துக்கொண்டெல்லே இருக்குது. கவருக்குள்ள என்ன, ரின் ஒண்டு மினுங்குது?"

அம்பலவாணர் விரித்த கைகளை இறக்கினார். அவர் பூனைக்கு மணியைப் பழக்கவில்லை. பூவரசைப் பழக்கியிருக்கிறார்.

அந்த நேரம் பார்த்துக் குசினியில் சத்தம் கேட்டது. டக், டக்.

பூனை வேலிப் பொட்டால் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் முற்றத்தைக் கடந்து குசினி வாசலில் போய் நின்றது. பக்கத்தில் யாரோ வந்து நிற்பதைக் கண்டு நிமிர்ந்து பார்த்தது. அம்பலவாணர் நின்றார். தான் எப்போது நடந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

உள்ளே ஒரு கோப்பையில் சோறும், ஒரு சிரட்டையில் சோறும் போட்டு வைத்திருந்தாள் அன்னபூரணம்.

"இருங்கோ," என்றாள். இரண்டு பேரும் இருந்தார்கள்.

தோல்வியிலும் ஒட்டிமீன் குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அதுவேறு அவருக்கு அவமானமாக இருந்தது. ஓர் உயிரைத் தன் பக்கம் சேர்க்கலாம் என்று பார்த்தார். அது சிரட்டையோடு கட்சி மாறிவிட்டது. இனி எந்நாளும் மாலும் கோழியும்தான். தலை நிமிராமல் கை கழுவினார்.

"தோத்திட்டன். என்ன வேலை எண்டு சொல்லும்."

"மெஷினைத் தூக்கி உள்ளுக்கு வையுங்கோ."

வைத்தார்.

"கதிரையைக் கொண்டந்து விறாந்தையில போடுங்கோ."

"ஆற்றை கதிரையை?"

"உங்கடைதான். வேறை ஆர் இஞ்சை கதிரை வைச்சிருக்கினம்?"

வென்றிருந்தாலும் இதற்குமேல் என்ன கிடைத்திருக்கும்? பாவம், பந்தயத்தின் கணக்கு இவளுக்கு விளங்கவில்லை என்று அம்பலவாணர் மனதுக்குள் இரங்கினார். அவள் மனம் மாறுவதற்கு முன் ஓடிப்போய்க் கதிரையைக் கொண்டு வந்தார். கோழி பின்னாலேயே படிவரை வந்து வழக்குப் பேசிவிட்டுப் போனது.

படுத்தார். சோளகம் வேட்டியைத் தோணிப் பாயாக விரித்தது. கணக்கப்பிள்ளை நிறைந்த வயிறோடு ஏறி அவர் வயிற்றில் சுருண்டது. பனைகள் இரகசியம் பேசின. உள்ளே மெஷின் ஒரு வண்டுபோல் இரைந்து, நின்று, இரைந்தது. துணி ஒன்றும் பறக்கவில்லை, ஒருத்தியும் பின்னால் ஓடவில்லை. கனவு வந்தது. அதே கனவுதான், ஆனால் இப்போது கதிரை உண்மையாகவே விறாந்தையில் கிடந்தது. அவருக்குக் கண் கலங்கியது. ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும்? மணி மட்டும் தட்டவேண்டும், யாரோ வரவேண்டும்.

"இஞ்சாருங்கோ," என்று உள்ளே இருந்து குரல் வந்தது. "நித்திரையோ? வடகத்துக்குக் காகம் வந்திட்டுது. மணியைத் தட்டுங்கோ."

கதிரைக் கையில் மணி இருந்தது. தான் அதை அங்கே வைக்கவில்லை என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும்.

முற்றத்தைப் பார்த்தார். இந்தக் கரையில் இருந்து அந்தக் கரை மட்டும் பாய் பாயாக வடகம் விரித்திருந்தது. தட்டினார். டிங். காகங்கள் எல்லாம் ஒன்றாக எழும்பிப் பறந்தன. பூனை அவர் வயிற்றில் நகத்தை ஊன்றிப் பாய்ந்து, பூவரசை நோக்கி ஓடியது.

உள்ளே மெஷின் ஒரு கணம் நின்றது.

"நல்ல மணி," என்றாள் அன்னபூரணம். "இவ்வளவு காலமும் மாத்தறையில சும்மா வைச்சிருந்திருக்கிறியள்."