படத்தில் நிற்பது ஆளா, கட்டையா?

கல்முனை
14.08.2009

பேரன்புள்ள மச்சான் புண்ணியமூர்த்திக்கு,

தபாற்கந்தோரில் உன்னோடு பதினெட்டு வருடம் முத்திரை குத்திய அச்சிமுகம்மது எழுதிக்கொள்வது. ஆண்டவன் அருளால் இங்கு யாவரும் நலம். கனடாவில் நீயும் தங்கச்சியும் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம்.

சண்டை முடிந்தது, சுனாமி வீடும் ஒருவழியாகக் கிடைத்தது. இப்போது எங்கள் பிரச்சினை ஒரு படம். சாவி தந்த அன்று ஒரு வெள்ளைக்கார அம்மா, தான் வரைந்த பெரிய படமொன்றையும் தந்துவிட்டுப் போனா. அவவின் ஊர்ப் பனிக்காலமாம். முழுக்க வெள்ளை, இலையில்லாத மரங்கள், தூரத்தில் ஒரு வீடு, அதற்குப் போகும் பாதையில் கறுப்பாக ஏதோ ஒன்று. வயல்காரன் வேலப்போடி பார்த்துவிட்டு, கடல்தண்ணி ஏறி உப்புப் பூத்த வயல், இரண்டு போகத்துக்கு விதைக்க ஏலாது என்று அனுதாபப்பட்டான். மீன் விற்கும் முகம்மது தம்பி, இவ்வளவு ஐஸையும் வெளியில் கொட்டி வீணாக்கியிருக்கிறார்களே என்று கவலைப்பட்டான். அதோடு விட்டிருக்கலாம். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அந்தக் கறுப்பு என்னவென்று கேட்டேன். உயிருள்ளதன் உருவம் வீட்டில் தொங்கினால் வானவர்களான மலக்குகள் வரமாட்டார்கள் என்பது எங்கள் வழக்கம், உனக்கும் தெரியும். ஆளென்றால் படத்தை இறக்க வேண்டும், மரக்கட்டையென்றால் இருக்கலாம். அப்துல் ஸமட் மௌலவி கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், கதிரையில் ஏறியும் பார்த்தார். கடைசியில், பனி பார்த்த ஒருவரிடம் எழுதிக் கேளுங்கள், அதன்படி செய்வோம் என்று சொல்லி இறங்கிவிட்டார்.

என் பெண்சாதி றாஹிலாவுக்கோ சந்தேகமே இல்லை.

"அது ஆள்தான். கட்டையெண்டா வீட்டப் பார்த்து நடக்குமா?" என்கிறாள்.

ஆனால் படத்தை இறக்கவும் விடுகிறாளில்லை. எங்கள் மகன் அர்ஹமைக் கடல் கொண்டுபோய் ஐந்து வருடமாகப் போகிறது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, அடக்கம் செய்ய ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து இந்தப் படம் வரும்வரை யாரோடும் இரண்டு சொல்லுக்கு மேல் கதைக்காதவள், இப்போது நாள் முழுக்க அந்தப் படத்துக்கு எதிரே கதிரையைப் போட்டு இருக்கிறாள். அடுப்பில் சோறு கருகுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். படம் போனால்தான் மனுசி தேறுவாள். ஆகவே அது ஆள்தான் என்று உறுதியாக ஒரு வரி எழுதி அனுப்பு. படத்தைப் போட்டோ பிடித்து உள்ளே வைத்திருக்கிறேன்.

தங்கச்சிக்கு எங்கள் ஸலாம். பிள்ளைகள் படிப்பிலும் குணத்திலும் ஓங்க அல்லாஹ் துணை. குளிருக்குக் காதை மூடிக்கொள்.

இப்படிக்கு,
அச்சிமுகம்மது

பி.கு.: உறைக்குப் பசை தடவும்போது உள்ளே கதைச் சத்தம் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். றாஹிலா படத்தோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சத் தூரந்தான் மகன். மெல்ல வா. கதவு திறந்துதான் கிடக்கு."

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, இன்றைக்கு என்ன கறி வேணுமென்று என்னிடம் கேட்டாள். ஐந்து வருடத்துக்குப் பிறகு கேட்கிறாள் மச்சான். மேலே எழுதியதை மறந்துவிடு. அது மரக்கட்டை. நான் வடிவாகப் பார்த்துவிட்டேன். அப்படியே பெரிய எழுத்தில் எழுதி, மௌலவி பெயருக்கே போடு.