ராக்கையா வீட்டு வைஃபை முறை

குச்சனூர் ராக்கையா, எந்த மடையை எப்போது திறப்பது என்று முடிவு செய்யும் வாய்க்கால் கண்காணிப்பாளராக இருந்து, அதே மிடுக்கோடு ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் அவர் ஆளுகையில் மடை எதுவும் இல்லை. வீட்டில் வைஃபை இருந்தது.

பழைய ரவுட்டர் பரம சாது. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால் மூச்சு வாங்கும். ஆகவே, பொதுநலன் கருதி ராக்கையா முறை வைத்தார். மருமகள் பாண்டீஸ்வரி கம்பெனி வேலை பார்க்கும்போது மகன் சசிதரன் கிரிக்கெட் பார்க்கக் கூடாது. அவன் பார்க்கும்போது மனைவி மொக்கம்மாள் சீரியல் பக்கம் தலைவைக்கக் கூடாது. முறை வேண்டுவோர் நேரில் ஆஜராகிக் காரணம் கூற வேண்டும். வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. சூடான காபி, உளுந்தவடை, சில நாள் மகனிடமிருந்து கால் அமுக்கல்கூட. உத்தியோகத்தில் இருந்தபோதுகூட அவருக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

ஒரு நாள் பாண்டீஸ்வரி யாரையும் கேட்காமல் புது ரவுட்டர் வாங்கி மாட்டிவிட்டாள்.

"இனிமே முறை வேணாம் மாமா. வாய்க்காலைப் பல கிளையாப் பிரிச்ச மாதிரி எல்லாருக்கும் ஒரே நேரத்துல விடும். கடைமடைக்கும் குறையாது."

"யார் உத்தரவுல விடும்?"

"அதுவா விடும் மாமா."

மனுக் கொடுக்காதவனுக்கும் தண்ணீர் விடுகிற மடையை ராக்கையா தம் பணிக்காலத்தில் கண்டதில்லை. அன்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். எதுவும் நிற்கவில்லை. காபிதான் நின்றுபோனது. கேட்டதற்கு, பால் அடுப்பில் இருக்கிறது, கலந்துகொள்ள வேண்டியதுதானே என்றாள் மொக்கம்மாள், டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

சில நாளில் சசிதரன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். வேகத்தில் குறையொன்றும் இல்லையாம். ஆனால் அதே வேகம் அம்மாவின் சீரியலுக்கும் போகிறதே, சம்பாதிக்கிறவனுக்கு என்ன மதிப்பு என்று வருந்தினான்.

"புது ரவுட்டருக்குன்னு போன்ல ஒரு ஆப் இருக்கு, அதுல முன்னுரிமைன்னு ஒண்ணு இருக்குப்பா. யாருக்கு முதல்ல விடணும்னு நாம சொல்லலாம். நானே போட்டா சண்டை வரும். நீங்க போட்டா உத்தரவு. பாண்டிக்குத் தெரிய வேணாம்."

புது ரவுட்டருக்குள்ளும் ஒரு கண்காணிப்பாளர் நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அறிந்ததும் ராக்கையாவுக்கு விஞ்ஞானத்தின் மேல் நம்பிக்கை பிறந்தது. உடனே ஆப்பைத் தம் போனில் ஏற்றச் சொல்லி, மகனுக்கு முதலிடம் கொடுத்தார். மாலையில் பாண்டீஸ்வரி காபியோடு வந்தாள், அதே மனுவோடு. அவளுக்கும் முதலிடம். மொக்கம்மாள் வடையோடு வந்து, "மருமகளுக்குச் சொல்லிராதீக" என்றாள். டிவிக்கும் முதலிடம். மாட்டுக்கொட்டகைக் கேமராவுக்காகப் பேச ஆளில்லை. பாவம் பார்த்து அதற்கும் போட்டார்.

எல்லாருக்கும் முதலிடம் என்றால் ரவுட்டர்தான் என்ன செய்யும்? முன்பு பிரித்த மாதிரியே பிரித்துக் கொடுத்தது.

"இப்பத்தான்பா பறக்குது" என்றான் சசிதரன். மீட்டிங்கில் முகமெல்லாம் பளிச்சென்று தெரிவதாகப் பாண்டீஸ்வரி சொன்னாள். சாப்பிடும்போது மூவரும் ஒருவரையொருவர் இரக்கத்தோடு பார்த்துக்கொண்டார்கள்.

இந்தக் கூத்தை நினைத்து ராக்கையா தனியே சிரித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, தம் போனுக்கும் முதலிடம் போட்டுப் பார்த்தார். உண்மையிலேயே வேகம் கூடியிருந்தது.