மூன்று காருக்கும் சிவப்புத் தெச்சி

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்.

சௌபாக்கியவதி ஜானவிக்கு அப்பா அனந்தபத்மநாபன் மனசு நிறைய ஆசீர்வாதம் பண்ணி எழுதிக்கொண்டது. இங்கே நான், துளசிச் செடி, இன்வெர்ட்டர் மூவரும் சௌக்கியம். அங்கே புனாவில் நீ, மாப்பிள்ளை, குழந்தை அபிஜித் எல்லோரும் சௌக்கியமாக இருக்க பத்மநாப சுவாமி கிருபை செய்யட்டும். அபிஜித்துக்கு ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்ததா என்று தெரிவிக்கவும்.

நிற்க. போன் இருக்கும்போது இந்த மனுஷர் ஏன் கடுதாசி எழுதுகிறார் என்று நினைப்பாய். புதன்கிழமை நீ என்ன சொன்னாய்? "அப்பா, இன்னொரு தடவை கார்னு சொன்னேள்னா போனை வச்சுடுவேன்" என்றாய். நான் சொன்னேன். நீ வைத்துவிட்டாய். கடுதாசியின் வாயை அப்படிப் பாதியில் அடைக்க முடியாது, கீழே வைத்தாலும் எழுதினது எழுதினபடி கிடக்கும். ஆகையால் கார் என்ற வார்த்தையை இதில் என் இஷ்டத்துக்கு எழுதப்போகிறேன். பொறுமையாகப் படி.

போன மாசம் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு கிழக்கேகோட்டையில் ரோட்டைக் கடக்க நிற்கிறேன், சிக்னலில் ஒரு பழைய பியட் வந்து நிற்கிறது, வெண்ணெய் நிறம், நம்பர் கேஎல்டி என்று ஆரம்பிக்கிறது, பின்னால் வரும் எண்கள் எனக்கு என் பென்ஷன் நம்பரைவிட மனப்பாடம். தைக்காட்டு டாக்டர் விற்ற கார் அது. நீ எல்கேஜி போகும் காலத்தில் நம் வாசலுக்கு வந்திருக்க வேண்டிய கார். எனக்கு என்ன ஆச்சோ, வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடு ரோட்டில் இறங்கி அதன் பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றி நின்றுவிட்டேன். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், ஆட்டோக்காரன் எழுத முடியாத வார்த்தையெல்லாம் சொல்கிறான். ஓட்டிக்கொண்டு வந்த பையன் பயந்துபோய் இறங்கினான். பேர் பிரஜின், பல் டாக்டர், நெய்யாற்றின்கரைப் பக்கம். "அய்யோ அங்கிளே, இடிச்சிட்டா? எங்க வலிக்குது?" என்றான். நான் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். நான் சொன்னது மனசை. அவன் புரிந்துகொண்டது ஹார்ட்டை. அடுத்த நிமிஷம் என்னை அதே காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். இத்தனை வருஷம் கழித்து அந்தக் காரில் ஏறினேன் ஜானவி, ஏறினேன், ஆனால் பின் சீட்டில் மல்லாக்க, கூரையைப் பார்த்துக்கொண்டு. ஈசிஜி எடுத்தார்கள். நார்மலாக்கும்.

திரும்பி வரும்போது முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தான். கதையெல்லாம் கேட்டு ரொம்ப சங்கடப்பட்டான். தங்கமான பிள்ளை. அவன் அயர்லாந்துக்கு வேலைக்குப் போகிறானாம், காரை விற்கிறானாம், கொச்சியிலிருந்து ஒரு ஆள் பிடித்தபிடியாகக் கேட்கிறானாம். "அங்கிளுக்கு வேணுமெங்கில் அங்கிளுக்குத்தான். ஒரு மாசத்துக்குள்ள ஒரு வார்த்தை பறைஞ்சா மதி" என்றான். ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம்; அந்தக் கெடு வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நீயானால் போனை வைக்கிறாய்.

முதலில் அந்த பியட். டாக்டர் பெரிய மனுஷர், என் ஆபீஸ் சூப்பிரண்டுக்குச் சிநேகிதர், எனக்குத்தான் கொடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் உங்கம்மாவிடம் கேட்டேன். அவள் எப்போதும் சொல்வதையே சொன்னாள்: "உங்க இஷ்டம்." புடவை வாங்கினாலும், உனக்குப் பள்ளிக்கூடம் பார்த்தாலும், எனக்கு கண்ணூருக்கு மாற்றல் வந்தபோதும் அவள் வாயில் வேறு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. உங்கம்மா சூடாமணியைப் போல ஒரு சாது இந்தத் தெருவிலேயே கிடையாது. "எதுக்கும் ஒரு பூக்கட்டிப் பார்த்துடலாமே" என்று மட்டும் சொன்னாள். நல்ல காரியம்தானே? அவளே குளித்துவிட்டு மடியாக ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளை நந்தியாவட்டையும் இன்னொன்றில் சிவப்புத் தெச்சியும் வைத்து, இரண்டையும் ஒரே மாதிரி நாரால் கட்டி சுவாமி முன்னால் வைத்தாள். வெள்ளை வந்தால் வாங்கலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். குழந்தை கையால் எடுக்கணும் என்று உன்னைக் கூப்பிட்டோம். நீ பாவாடை தடுக்க ஓடி வந்து ஒன்றை எடுத்தாய். பிரித்தால் சிவப்பு. இன்னொரு பொட்டலத்தைத் தொடப் போனேன், அவள் விடவில்லை. "அதைப் பிரிக்கப்படாது, பகவானைச் சந்தேகப்படற மாதிரி ஆகும்" என்று எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றடியில் போட்டுவிட்டாள். டாக்டருக்கு ஆள் அனுப்பி வேண்டாம் என்றேன். அவர் அப்புறம் சாகிற வரைக்கும் என்னோடு பேசவில்லை.

இரண்டாவது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கரமனையில். அதற்குள் நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸும் வாங்கியிருந்தேன். கற்றுக்கொள்ளும்போது நான் காரைக் கோவில் குளத்துக்குள் விட்டேன் என்று தெருவில் இன்னும் சொல்கிறார்கள். அது சுத்தப் பொய். மேலே இருந்து நாலாவது படியிலேயே நின்றுவிட்டது. சொல்லிக்கொடுத்தவன் குதித்தது அவன் அவசரம், அதற்கு நான் என்ன செய்ய? அந்த ஹெரால்டுக்கும் பூக்கட்டினாள், நீ எடுத்தாய், சிவப்பு. மூன்றாவது அம்பாசடர். அப்போது நீ டென்த். "இந்தக் காலத்துல இதெல்லாம் ஆராவது பண்ணுவாளா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே எடுத்தாய். மறுபடியும் சிவப்பு. உன் கையைக் குற்றம் சொல்கிறேன் என்று நினைக்காதே. மூன்று தடவையும் ஒரே நிறம் வந்தால் மனுஷன் என்னதான் நினைப்பான்? நமக்குக் கார் யோகம் இல்லை, சுவாமிக்கு இஷ்டம் இல்லை என்று ஸ்கூட்டரோடு நின்றுவிட்டேன்.

இப்போது அவையெல்லாம் என்ன கதியில் இருக்கின்றன தெரியுமா? ஹெரால்டைக் கல்யாண போட்டோக்காரர்கள் வாடகைக்கு எடுக்கிறார்கள். சங்குமுகத்தில் பார்த்தேன், யாரோ ஒரு கல்யாணப்பெண் அதன்மேல் சாய்ந்துகொண்டு சிரிக்கிறாள், முப்பது தடவை சிரிக்கச் சொல்கிறான் போட்டோக்காரன். அம்பாசடர் கதையை எழுதவே கை வரவில்லை. பைபாஸில் ஒரு புது ஓட்டலில் முன் பாதியை அறுத்துச் சுவரில் பதித்திருக்கிறார்கள், பின் சீட்டை சோபாவாகப் போட்டிருக்கிறார்கள். ஏஜீஸ் ஆபீஸ் பென்ஷன்காரர்கள் மீட்டிங் அங்கே நடந்தது. நான் எனக்குச் சேர வேண்டிய சீட்டில் உட்கார்ந்து மசால்தோசை தின்றேன். பாதிக்குமேல் இறங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் உப்பு போறவில்லையா என்று கேட்டார்.

காருக்காகவா அழுகிறேன் என்று நீ கேட்கலாம். உங்கம்மாவுக்காக அழுகிறேன், வேறென்ன. சுசீந்திரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் அவளை ஸ்கூட்டரில்தானே கூட்டிக்கொண்டு போனேன். நான் அவளிடம் ஏதாவது சொல்லத் திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டே ஓட்டுவேன், அவள் "முன்னால பாருங்கோ, முன்னால பாருங்கோ" என்று ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டே வருவாள். பாறசாலையில் மழை பிடித்தால் ஊர் சேருகிற வரைக்கும் நனைவாள். ஒரு நாளாவது முணுமுணுத்தாளா? அந்த ஈரம்தான் நெஞ்சில் இறங்கிக் கடைசியில் இழுப்பாக வந்தது என்று எனக்கு நிச்சயம். ஆஸ்பத்திரியில் டாக்டர் அதனால் இல்லை என்றார். அவர் சின்னப் பையன், அவருக்கு அந்த மழையெல்லாம் என்ன தெரியும்? போன கர்க்கடக மாச மழையில் மூச்சு முட்டின அன்றைக்கும் அவளை ஆட்டோவில்தான் கொண்டுபோனேன். படுதா காற்றில் படபடவென்று அடிக்கிறது, சாரல் அவள் முகத்தில் விழுகிறது, நான் வேஷ்டித் தலைப்பால் துடைத்துக்கொண்டே போகிறேன். கண்ணாடி ஏற்றின ஒரு கார் இருந்திருந்தால், கடைசி தடவையாவது நனையாமல் போயிருப்பாளே. இதை நான் யாரிடம் சொல்லுவேன்? தெருவில் சொன்னால் "சாரமில்லை அனந்து" என்கிறார்கள், பரவாயில்லையாம். எனக்கு இது சாரமுள்ள விஷயம்.

ஆகையால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த மாசம் அம்மாவுடைய வருஷாப்திகம். அதற்குள் அந்தக் காரை நம் வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், காரியம் முடிந்த மறுநாள் ஒரு தடவை கன்னியாகுமரி போய்வர வேண்டும், முன் சீட்டில் அவள் உட்கார்ந்திருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தாலும் பரவாயில்லை. பூக்கட்டாமல் வாங்க எனக்குத் தைரியம் இல்லை. இந்தத் தடவை உன் கை வேண்டாம், அபிஜித்தின் கை புதுக் கை. நீ லீவு போட்டுவிட்டுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமைக்குள் வா. பகவான் ஒரு தடவையாவது வெள்ளை காட்டுவார். எழுபத்திரண்டு வயசில் காடராக்ட் கண்ணோடு கார் எதுக்கு என்று உன் வாயில் வரும். வரட்டும். வந்து நேரில் சொல்லு.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்புகள். அபிஜித்துக்கு என் சார்பில் இரண்டு கன்னத்திலும் ஒவ்வொரு முத்தம். நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக, நல்லபடியாக, ரோட்டில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்,

உன் அப்பா,
அனந்தபத்மநாபன்.

பின்குறிப்பு: இன்றைக்குத் திங்கட்கிழமை. கூரியர் கவரை ஒட்டுவதற்கு முன்னால், நீ வந்த பிறகு பூவுக்கு அலைய வேண்டாமே என்று எதிர்வீட்டு சரஸ்வதியம்மாளிடம் சொல்லிவைக்கப் போனேன். உங்கம்மா எப்போதும் அவாள் தோட்டத்தில்தானே பறிப்பாள். "மாமி, சனிக்கிழமை கொஞ்சம் நந்தியாவட்டையும் தெச்சியும் வேணும்" என்றேன். "நந்தியாவட்டை எதுக்குடா அனந்து? சூடாமணி தெச்சி மாத்ரம்தான் பறிப்பா" என்றாள். பூக்கட்டிப் பார்க்கிறதுக்கு என்றேன். "அதுக்குத்தான் நானும் சொல்றேன். ரெண்டு பொட்டலத்துலயும் தெச்சிதான் வைப்பா" என்றாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். மாமி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நானும் கேட்டேண்டா, ஏண்டி இப்படிப் பண்றே, பாவம் இல்லையான்னு. அதுக்கு சூடாமணி, அவர் காரைக் குளத்துப் படியில இறக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும் மாமி, இவர் ஸ்கூட்டர்ல விழுந்தா நாங்க ரெண்டு பேரோட போகும், கார் ஓட்டினா ஊர்ல ஆரையாவது கொன்னுட்டு வந்து நிப்பார்னா. அதை அவன்கிட்டயே சொல்லேன்டின்னேன். நான் வேண்டாம்னா அவர் காதுல ஏறாது மாமி, பகவான் சொன்னா ஏறும், பகவான்கிட்ட பர்மிஷன் வாங்கிண்டுதான் கட்டறேன்னா. போறதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிடணும்னு இருந்தா. நீயானா ஆஸ்பத்திரி வராந்தாவுல கார் கார்னு புலம்பிண்டு நின்னே. பாவம், அவளுக்கு மனசு வரலை."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து அவள் படத்துக்கு முன்னால் நின்று பிலுபிலுவென்று சண்டை போட்டேன். முப்பது நாப்பது வருஷமா உங்க இஷ்டம் உங்க இஷ்டம்னு சொல்லிச் சொல்லியே என்னை இப்படி ஏமாத்தினியேன்னு கத்தினேன். கத்தி முடிச்சப்புறம்தான் புரிஞ்சுது ஜானவி, வாயைத் திறந்து என்கிட்ட ஒரு தடவை வேண்டாம்னு சொல்றதுக்கு அவளுக்கு நான் இடம் கொடுத்ததே இல்லை. அவ சொன்ன வேண்டாம் எல்லாம் அந்தப் பொட்டலத்துலதான் இருந்திருக்கு. நான் அதை சுவாமி சொன்னதா நினைச்சுக் கன்னத்துல போட்டுண்டிருக்கேன்.

பிரஜினுக்கு போன் பண்ணிக் கொச்சிக்காரனுக்கே கொடுத்துடுன்னு சொல்லியாச்சு. ஆகையால் மேலே எழுதினது ஒண்ணையும் நீ கணக்குல எடுத்துக்க வேண்டாம், ஆனா சனிக்கிழமை வரதை மாத்ரம் மாத்தாதே. அப்புறம் குளிச்சுட்டு, மாமி தோட்டத்துலேர்ந்து தெச்சி பறிச்சுண்டு வந்து, நானே ரெண்டு பொட்டலம் கட்டி சுவாமி முன்னால வச்சேன். ரெண்டுலயும் தெச்சிதான். குழந்தை இல்லை, நானே கண்ணை மூடிண்டு ஒண்ணை எடுத்துப் பிரிச்சேன். வேண்டாம்னுட்டா உங்கம்மா. அவளே வாயைத் திறந்து சொன்ன மாதிரி இருந்தது. பிரிக்கப்படாதுன்னு தெரியும், இருந்தாலும் அவ சொல்றதை இன்னொரு தடவை கேட்கலாமேன்னு மத்த பொட்டலத்தையும் பிரிச்சேன்.